வேலூரில் பவளப் போத்து: வீட்டு உப்புநீர்த் தொட்டியில் கோரல் வெட்டிப் பெருக்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடி காந்தி நகரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் 200 லிட்டர் உப்புநீர்த் தொட்டி ஒன்று ஒன்பது வருடமாக ஓடுகிறது. அதில் இருக்கும் பவளங்களில் பாதிக்கு மேல் நானே வெட்டி, ஒட்டி, வளர்த்தவை. வீட்டுக்கு வருபவர்களும் போனில் கூப்பிடுபவர்களும் கேட்பவை கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் பாதி சொல்லிப் பாதி விட்டுப்போகிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

பவளம் உயிருள்ளதா? வெட்டினால் செத்துப்போகாதா?

உயிருள்ளது. அதுவும் செடி இல்லை, விலங்கு. பாலிப் என்ற சின்னஞ்சிறு உயிர்கள் நூற்றுக்கணக்கில் ஒட்டிக்கொண்டு வாழும் கூட்டம்தான் நாம் பார்க்கும் ஒரு பவளம். அந்தக் கூட்டத்தில் இருக்கும் எல்லா பாலிப்பும் முதலில் வந்து உட்கார்ந்த ஒன்றிலிருந்து பிரிந்தவை. ஆகவே ஒரு பகுதியைப் பிரித்து வேறு இடத்தில் வைத்தால் அது தனியாகப் பிழைத்துக்கொள்ளும்.

நம் ஊர் வீடுகளில் முருங்கையைப் பெரும்பாலும் விதை போட்டு வளர்ப்பதில்லை. கிளையை வெட்டி, போத்தாக நட்டு, நுனியில் சாணி உருண்டை வைத்துவிடுகிறோம். பவளத்துக்கும் அதே கணக்குதான். கடலில் புயலும் அலையும் கிளையை முறித்துப் போட்டால், விழுந்த துண்டு நல்ல இடத்தில் சிக்கினால் அங்கேயே புதுக் கூட்டமாகிவிடும். இதை நாம் கையால் செய்கிறோம், அவ்வளவுதான்.

ஆராய்ச்சியாளர்களும் இதே வழியில்தான் அழிந்த பவளத்திட்டுகளை மீட்கிறார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மோட் கடல் ஆய்வகத்தில் டேவிட் வான் என்பவர் ஒரு பவளத்தை இடம் மாற்றும்போது அது தவறி உடைந்தது. கீழே சிதறிய நுணுக்கத் துண்டுகள் பெரிய துண்டுகளைவிடப் பல மடங்கு வேகமாக வளர்வதை அவர் கவனித்தார். அதிலிருந்து வந்ததுதான் இன்று பல நாடுகளில் கையாளும் நுண்துண்டு முறை. நம் மன்னார் வளைகுடாவிலும் தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் துண்டு நட்டுப் பவளத்திட்டுகளைச் சீரமைத்து வருகிறார்கள்.

எந்தப் பவளத்தில் ஆரம்பிக்கலாம்?

மஷ்ரூம், சோவா, கிரீன் ஸ்டார், லெதர், ஸீனியா. இவை மென்பவளங்களும் அவற்றைப் போன்ற உறவுகளும். கல் எலும்பு கிடையாது, பிளேடு போதும், தப்பு செய்தாலும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். முதல் வெட்டுக்கு மஷ்ரூம்தான் என் சிபாரிசு. தொட்டி ஓட ஆரம்பித்து ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். தாய்ப் பவளம் உங்களிடம் வந்து மூன்று மாதமாவது நன்றாக விரிந்திருக்க வேண்டும். வந்த வாரமே வெட்டக் கை பரபரக்கும், வேண்டாம்.

கிளை கிளையாக இருக்கும் கல் பவளம்தானே அழகு? அதை ஏன் சொல்லவில்லை?

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்தான் காரணம். 2001-இல் திட்டு கட்டும் கல் பவளங்கள் எல்லாவற்றையும், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவற்றோடு சேர்த்து முதல் அட்டவணையில் வைத்தார்கள். புலி இருக்கும் அதே அட்டவணை. கரையில் ஒதுங்கிக் காய்ந்து கிடக்கும் வெள்ளைப் பவளத்தை எடுத்து வந்து தொட்டியில் அலங்காரம் வைப்பதும் குற்றம்தான். ராமேஸ்வரம் போய்வந்த உறவினர் அன்பாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அந்தச் சட்டம் சும்மா வரவில்லை. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். பல வருடங்களாகச் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்த பவளத்திட்டு போனதும் மண் அரித்தது. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்கு அடியில். நம் மாநிலத்துத் தீவுகள் அவை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஒரு கல் பவளத்துண்டைக் கையில் எடுக்க எனக்கு மனசு வரவில்லை.

‘வெளிநாட்டுச் சரக்கு’ என்று யாராவது நீட்டினாலும் காகிதம் கேளுங்கள். காகிதம் இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள். கடலில் இருந்து எடுத்த லைவ் ராக் என்பதும் பெரும்பாலும் பழைய பவள எலும்புதான். அதற்குப் பதில் செயற்கைப் பாறை வாங்குங்கள். ஆறு மாதத்தில் அதுவும் ஊதாப் பாசி பிடித்து இயற்கையாகத் தெரியும்.

வீட்டில் வெட்டிப் பெருக்குவதில் எனக்கு இவ்வளவு ஆசை வந்ததும் இதனால்தான். என் தொட்டியில் பிறந்த மஷ்ரூம் இன்னொருவர் தொட்டிக்குப் போனால், அந்த ஒன்றைக் கடலில் யாரும் பிடுங்க வேண்டியதில்லை.

வேலூர் வெயிலில் இதெல்லாம் சாத்தியமா?

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். கத்திரி வெயிலில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும், கோட்டை மலை பக்கத்துப் பாறையெல்லாம் ராத்திரி வரை அனல் அடிக்கும். பவளத்துக்கு வேண்டியது 25 முதல் 27 டிகிரி. 30-ஐத் தாண்டி நாள் கணக்கில் நின்றால் தன் உடலுக்குள் இருக்கும் பாசியை வெளியே தள்ளி வெளுக்க ஆரம்பிக்கும். அந்தப் பாசிதான் அதற்குச் சோறு போடுகிறது.

ஆனால் நமக்கு ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. சென்னை வெயில் ஈர வெயில், நம்முடையது வறண்ட வெயில். காற்று வறண்டிருந்தால் தண்ணீர் வேகமாக ஆவியாகும், ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். தண்ணீர்ப் பரப்பின் மேல் சாய்வாக இரண்டு சின்ன மின்விசிறி வைத்தாலே இங்கே 3, 4 டிகிரி இறங்குகிறது. மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். ஏப்ரல், மே இரண்டு மாதம் மட்டும் எனக்கு அது போதாது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் ஓடும், அல்லது மதியம் கூடத்தில் ஏசி ஓடும். அந்த மாதங்களில் நான் பிளேடையே தொடுவதில்லை. ஆடி கழிந்ததிலிருந்து மாசி வரை வெட்டுவதற்கு நல்ல காலம்.

விசிறி வைத்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு அப்படியே நிற்கும். என் தொட்டியில் மே மாதம் நாளுக்கு 5 லிட்டர் குறையும். 200 லிட்டரில் 5 குறைந்தால் லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு ஒரே நாளில் 36-ஐத் தொடுகிறது. குறைந்ததை உப்பில்லாத சுத்தத் தண்ணீரால் தினமும் நிரப்ப வேண்டும். உப்புத் தண்ணீரால் நிரப்பிவிட்டு, ‘ஏன் சுருங்கிக் கிடக்கிறது’ என்று கேட்ட தம்பிகள் நான்கைந்து பேர் இருக்கிறார்கள்.

எந்தத் தண்ணீர்? வீட்டு ஆர்.ஓ. போதுமா?

போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். பாலாற்றுப் படுகையின் தண்ணீர் பல இடங்களில் கடுமையான உப்பு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடியில் இறங்கிய கதை நம் எல்லோருக்கும் தெரியும்.

வீட்டு ஆர்.ஓ. பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அடிபட்டது இங்கேதான். முதல் வருடம் ஒரு கடைக்காரர் ‘குடிக்கிற தண்ணியே போதும் சார்’ என்றார். நானும் சமையலறை மெஷினில் பிடித்து ஊற்றினேன். பத்து நாளில் நத்தைகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன, சோவா மூடியது மூடியபடி கரைந்துபோனது. காரணம் பிடிபடவே ஒரு மாதம் ஆனது. அந்த மெஷினில் உடம்புக்கு நல்லது என்று தாமிரம் சேர்க்கும் கட்டம் ஒன்று இருந்தது. நமக்கு நல்லதாக இருக்கலாம். நத்தைக்கும் இறாலுக்கும் பவளத்துக்கும் தாமிரம் மிகச் சிறிய அளவிலேயே விஷம். தாமிரம் இல்லாத மெஷினாக இருந்தாலும் சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பக் கலக்கும். 20 லிட்டர் கேன் தண்ணீரும் அப்படித்தான்.

ஆர்.ஓ.வுக்குப் பிறகு மிச்சமிருக்கும் உப்புகளை நீக்கும் டி.ஐ. ரெசின் குழாய் ஒன்று இருக்க வேண்டும், டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்ட வேண்டும். அந்தத் தண்ணீரில் கடல்தொட்டிக்கென்று விற்கும் உப்பைக் கலக்க வேண்டும். சென்னையிலிருந்து கேனில் கடல்நீர் கொண்டுவரலாமா என்றால், கரையோரத் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கும். அந்த உழைப்புக்கு உப்பு வாங்குவதே மேல்.

வெட்டுவதற்கு முன் என்னென்ன அளவு பார்க்க வேண்டும்?

வெப்பம் 25–27. ஒப்படர்த்தி 1.025. காரத்தன்மை 8 முதல் 9 டி.கே.ஹெச். கால்சியம் 400–450 பி.பி.எம்., மெக்னீசியம் 1300 சுமார். அம்மோனியா பூஜ்யம். நைட்ரேட் பூஜ்யமாக இருக்கக் கூடாது, 5 முதல் 10 இருந்தால் மென்பவளத்துக்கு நல்லது. அளவு கொஞ்சம் இப்படி அப்படி இருப்பது பெரிதில்லை, நான்கு வாரம் ஆடாமல் ஒரே இடத்தில் நின்றதா என்று பாருங்கள்.

என்ன சாமான் வேண்டும்?

மருந்துக்கடையில் கிடைக்கும் அறுவைசிகிச்சை பிளேடு, கையுறை, கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடி, டூத்பிரஷ், இரண்டு பிளாஸ்டிக் டப்பா, கொஞ்சம் கொசுவலைத் துணி, ரப்பர் பேண்டு, லூகால்ஸ் அயோடின். பசைக்கு ஃபெவிக்விக் மாதிரி தண்ணியாக ஓடுவது சரிப்படாது. அதே சயனோஅக்ரிலேட் ஜெல்லாகக் கிடைக்கும், அது ஈரம் பட்டதும் இறுகும். துண்டை ஒட்ட ஃப்ராக் பிளக் வாங்கலாம். இல்லையென்றால் தரை டைல்ஸ் உடைத்த துண்டின் சொரசொரப்பான பின்பக்கமே போதும், கொதிக்கவைத்துக் கழுவியது.

டப்பாவில் ஊற்ற வேண்டியது தொட்டித் தண்ணீர். தண்ணீர் மாற்றும் நாளில் வெட்டுங்கள், வெளியே எடுக்கும் தண்ணீரிலேயே வேலை முடிந்துவிடும்.

மஷ்ரூமை எப்படி வெட்டுவது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

பாறையோடு தூக்கி டப்பாவில் வையுங்கள். தொட்டதும் சுருங்கி ஒரு கொட்டைப்பாக்கு அளவுக்கு வந்துவிடும், பயப்பட வேண்டாம். காம்பின் அடியில் பிளேடைப் படுக்கையாகச் செலுத்தி அறுத்தெடுங்கள். பாறையில் மெல்லிசாக ஒரு தடம் மிஞ்சும். அதைச் சுரண்டாதீர்கள், அதிலிருந்தே இரண்டு மூன்று வாரத்தில் குட்டி முளைக்கும்.

அறுத்ததைத் தட்டில் மல்லாக்க வைத்தால் நடுவில் சின்னத் துளை தெரியும். அதுதான் வாய். வாய் இரண்டாகும்படி ஒரே அழுத்தாக அழுத்துங்கள். ரம்பம் மாதிரி இழுத்தால் சதை கிழியும். உடனே கண்ணாடி மாதிரி வழவழப்பான சளி ஒன்று வெளியே வரும், உள்ளேயிருந்து வெள்ளை நூல் நூலாகவும் வரும். முதல் தடவை இதைப் பார்த்துவிட்டு நான் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். அது அதன் தற்காப்பு. இரண்டு பாதியையும் வேறு டப்பாவில் நன்றாக அலசுங்கள். வெளிர் டீ நிறத்தில் அயோடின் கலந்த தொட்டித் தண்ணீரில் ஐந்து நிமிடம் வையுங்கள்.

இங்கேதான் நிறையப் பேர் தோற்கிறார்கள். சளி இருப்பதால் மஷ்ரூமைப் பசை பிடிக்காது. ஒட்டியது போலத் தெரியும், ராத்திரி கழன்று பம்புக்குள் போய்விடும். என் முதல் ஆறு துண்டில் நான்கு அப்படித்தான் போயின. பசையை விட்டுவிடுங்கள். ஒரு தம்ளர் அளவு டப்பாவில் பொடிக்கற்களைப் பரப்பி, அதன்மேல் துண்டுகளை வைத்து, டப்பாவின் வாயைக் கொசுவலையால் மூடி ரப்பர் பேண்டு போட்டு, நீரோட்டம் குறைந்த மூலையில் வையுங்கள். பத்துப் பதினைந்து நாளில் துண்டு தானாகவே ஒரு கல்லைப் பிடித்துக்கொள்ளும். பிறகு கல்லுக்குப் பசை போட்டு எங்கே வேண்டுமோ அங்கே ஒட்டிக்கொள்ளலாம்.

அரைவட்டமாக இருந்தது முழுவட்டமாக மூன்று நான்கு வாரம் ஆகும். வெட்டிய ஓரம் இரண்டும் மெல்ல மெல்ல வளைந்து வந்து சேரும், தையல் போட்ட மாதிரி ஒரு கோடு மட்டும் கொஞ்ச நாள் தெரியும். எங்கள் அம்மா தினமும் காலையில் காபியோடு வந்து நின்று ‘சேர்ந்துடுச்சா’ என்று பார்ப்பார்.

சோவாவில் விஷம் இருக்கிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

சோவாவிலும், குறிப்பாக அதன் உறவான பாலிதோவாவிலும், பாலிடாக்சின் என்ற நச்சு இருக்கலாம். இயற்கையில் அறியப்பட்ட மிகக் கொடிய நச்சுகளில் ஒன்று. ஹவாயின் மாவி தீவில் உள்ள ஹானா பகுதியில் அந்தக் காலத்தில் ஈட்டி முனையில் தடவினார்கள் என்று ஒரு வழக்கு உண்டு. விஞ்ஞானிகள் அதைத் தேடிப்போய்த்தான் 1971-இல் இந்த நச்சைப் பிரித்தெடுத்து அறிவித்தார்கள். மாற்று மருந்து கிடையாது.

ஆகவே கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். வெட்டும்போது சாறு பீய்ச்சும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கையில் காயம் இருந்தால் அன்றைக்கு வெட்ட வேண்டாம். சோவா ஒட்டிய பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று கொதிக்கவைக்கவோ வெந்நீர் ஊற்றவோ உலரவைத்துத் தேய்க்கவோ கூடாது. ஆவியில் நச்சு கலந்து வீட்டில் எல்லோரும் மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் நடந்திருக்கின்றன. வாயில் உலோகக் கசப்பு, காய்ச்சல், மூச்சுத் திணறல், தசைவலி வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். ‘பாலிடாக்சின்’ என்று ஒரு சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள். சமையல் பாத்திரம், சமையல் மேடை எதையும் இந்த வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள், குழந்தைகளை அறைக்குள் விடாதீர்கள்.

வெட்டும் முறை எளிது. பாலிப்புகளை அடியில் இணைக்கும் தோல் மாதிரி விரிப்பு இருக்கும். பாலிப்பைத் தொடாமல் இடையிலுள்ள விரிப்பை அறுத்து, மூன்று முதல் ஐந்து தலை சேர்ந்தாற்போல உரித்தெடுங்கள். அடியைத் துணியில் ஒற்றிவிட்டு ஜெல்லில் ஒட்டுங்கள். நான்கைந்து நாள் மூடியே இருக்கும்.

லெதர் கோரல்?

காளான் குடையின் ஓரத்தில் ஒரு கீற்று வெட்டினால் போதும். ஆனால் தொட்டிக்குள்ளேயே வெட்டாதீர்கள். இது பக்கத்துப் பவளங்களை விரட்டத் தண்ணீரில் ரசாயனம் விடும் இனம், வெட்டினால் இன்னும் அதிகம். வெளியே வெட்டி, நாற்றம் போகும் வரை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, தொட்டியில் தண்ணீரைச் சுத்தம் செய்யும் புதுக் கார்பன் (ஆக்டிவேட்டட் கரி) போட்டு இரண்டு நாள் ஓடவிடுங்கள். துண்டைக் கல்லில் வைத்து ரப்பர் பேண்டைத் தளர்வாகப் போடுங்கள். பூ கட்டுகிற நூல் மாதிரி இறுக்கினால் சதையை அறுத்துவிடும். தாய் ஒரு வாரம் தொங்கிப்போய்க் கிடக்கும், தேறிவிடும்.

கிரீன் ஸ்டார், ஸீனியா?

கிரீன் ஸ்டாரின் ஊதா விரிப்பைக் கத்தரித்து ஒட்டினால் முடிந்தது. ஸீனியாவுக்கு அதுவும் வேண்டாம், பக்கத்தில் ஒரு கல்லை வைத்தால் தானே ஏறும். இரண்டையும் தனிப் பாறையில் வையுங்கள். முக்கியப் பாறையில் ஏறிவிட்டால் இறக்க முடியாது.

வெட்டிப் பத்து நாள் ஆகிறது, திறக்கவே இல்லை. செத்துவிட்டதா?

முகர்ந்து பாருங்கள். அழுகிய முட்டை வாடை வந்து, சதை கூழாகித் தொட்டால் கரைந்தால் போய்விட்டது. மற்ற துண்டுகளைக் காப்பாற்ற உடனே எடுத்துவிடுங்கள். மூடியிருந்தாலும் கெட்டியாக, நிறத்தோடு இருந்தால் உயிர் இருக்கிறது, விட்டுவிடுங்கள். தினமும் இடம் மாற்றி மாற்றி வைப்பதுதான் பாதித் துண்டுகளைக் கொல்கிறது. புதுத் துண்டு முதலில் அடியில், வெளிச்சம் குறைந்த இடத்தில் இருக்கட்டும். இரண்டு வாரம் கழித்து மேலே ஏற்றலாம். ராத்திரி டார்ச் அடித்துப் பாருங்கள். சோவாவை மேய்கிற நத்தை வகை இருந்தால் அப்போதுதான் கண்ணில் படும், அதன் நிறமும் சோவா நிறமாகவே இருக்கும்.

கரண்ட் போனால்?

மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலையிலிருந்து நிறுத்துவார்கள் என்பது பேப்பரில் முன்னாடியே வரும். அதற்கு முந்தின நாள் வெட்டாதீர்கள். இன்வெர்ட்டரில் முதலில் வேவ்மேக்கரை இணையுங்கள், லைட்டை அல்ல. வெளிச்சம் ஒரு நாள் இல்லாமல் இருக்கலாம், தண்ணீர் அசையாமல் நின்றால் சில மணி நேரத்தில் ஆக்ஸிஜன் குறைந்துவிடும். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்றும் கைவசம் இருக்கட்டும்.

சென்னையிலிருந்து துண்டு வாங்கி வருவது எப்படி?

கொளத்தூர் மீன் சந்தைக்குப் போய் வாங்கினால், சென்ட்ரலிலிருந்து காட்பாடிக்கு 130 கிலோமீட்டர், ரயிலில் இரண்டு மணி நேரம். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. தெர்மோகோல் பெட்டியில் இருட்டாக வையுங்கள். வெயில் காலத்தில் ஐஸ் ஜெல் பையை நாளிதழில் நான்கு சுற்று சுற்றி ஓரத்தில் வைக்கலாம், பையில் நேராகப் படக் கூடாது. ஜன்னலோர இருக்கை வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் பையோடு தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பம் சமமாகட்டும். பிறகு பூச்சி நீக்கும் மருந்துத் தண்ணீரில் முக்கி எடுங்கள். பூச்சிகளின் முட்டைகளை மருந்து கொல்லாது, அதனால் மூன்று வாரமாவது தனித்தொட்டியில் வையுங்கள். பை தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

உங்களிடம் ஒரு துண்டு கிடைக்குமா?

தாராளமாக. பணம் வேண்டாம். உங்கள் தொட்டியின் ஒரு மாத அளவுகளை ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள், மூடி போட்ட டப்பா ஒன்றும் வேண்டும். இப்போது சிவப்பு மஷ்ரூம் எட்டும் கிரீன் ஸ்டார் மூன்றும் கல்லைப் பிடித்துத் தயாராக இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு முன்னால் வந்தால் வெயில் ஏறுவதற்குள் வீடு போய்ச் சேர்ந்துவிடலாம். குடியாத்தம், ஆற்காடு பக்கமிருந்து வருபவர்கள் முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் துண்டைத் தனி டப்பாவில் எடுத்து வைத்திருப்பேன்.